பெஞ்ச்மார்க்ல பின்னால இருந்த ஹைப்பர்வைசர செர்ன் ஏன் எடுத்துச்சு: பத்து வருச பிரைவேட் கிளவுட் கதை

ஒரு சர்வர பல வர்ச்சுவல் மெஷினா (விஎம்) பிரிச்சு ஓட்டுற சாஃப்ட்வேர் தான் ஹைப்பர்வைசர். அத விக்கிற விஎம்வேர 2023 நவம்பர்ல பிராட்காம் வாங்கி முடிச்சாங்க, அடுத்த மாசமே பர்பெச்சுவல் லைசென்ஸ் கிடையாது, இனிமே சப்ஸ்கிரிப்ஷன் தான்னு சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து இன்ஃப்ரா ஆளுங்க நாலு பேரு சேர்ந்தா ஒரே பேச்சு தான், எந்த ஹைப்பர்வைசருக்குப் போறது. உடனே யாராவது ஒரு எக்செல் ஷீட்ட தொறந்து இடது பக்கம் பேரெல்லாம் எழுதி வலது பக்கம் லைவ் மைக்ரேஷன் டிக், ஸ்னாப்ஷாட் டிக், ஜிபியூ பாஸ்த்ரூ டிக்னு போட ஆரம்பிச்சுடுவாங்க. அந்த ஷீட்ல எல்லாத்துக்கும் டிக் விழும், கடைசில யாரு ரூம்ல சத்தமா பேசுறாங்களோ அவங்க சொன்னது தான் ஜெயிக்கும். அந்த டேபிளுக்குப் பதிலா, உண்மைல ஒரு இடத்துல என்ன நடந்துச்சுன்னு ஆரம்பத்துலேர்ந்து பாத்தா பிரயோஜனமா இருக்கும்னு தோணுச்சு. அதுக்கு நான் எடுத்துக்கிட்டது செர்ன், ஐரோப்பாவோட துகள் இயற்பியல் ஆராய்ச்சி மையம். மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வி, லினக்ஸ் கெர்னலோட வர்ற கேவிஎம்னு ரெண்டு ஹைப்பர்வைசரையும் ஒரே கிளவுடுக்குள்ள வெச்சு ஓட்டி, அளந்து பாத்து, அப்புறம் ஒண்ண விட்டவங்க. அளந்த நம்பர்ல பின்னால இருந்தத தான் வெச்சுக்கிட்டாங்கங்கறது தான் இதுல விசயம்.

செர்ன்னா நம்மாளுங்க நிறைய பேருக்கு அந்த வளாகத்துல நிக்கிற நடராஜர் சிலை தான் முதல்ல ஞாபகம் வரும், 2004ல இந்திய அரசு கொடுத்தது. அத விட்டுட்டு டேட்டா சென்டருக்குள்ள போவோம். ஜெனீவா பக்கத்துல மெய்ரின்ல இருக்குற டேட்டா சென்டருக்கு 3.5 மெகாவாட் வரைக்கும் தான் கரண்ட் எடுக்க முடியும், அதுக்கு மேல முடியாதுன்னு ஆனதும் ஹங்கேரில புடாபெஸ்ட்ல விக்னர் சென்டர்ல 2.7 மெகாவாட்டுக்கு இடம் எடுத்தாங்க, நடுவுல ரெண்டு 100 கிகாபிட் லிங்க். 2013ல அது தொறந்துச்சு. செர்ன்னோட துகள் மோதல் இயந்திரமான லார்ஜ் ஹாட்ரான் கொலைடர் முதல் ரன்ன முடிச்சு ரெண்டு வருச ஓய்வுல இருந்த நேரம், 2015ல 13 டெராஎலக்ட்ரான்வோல்ட்ல திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது கம்ப்யூட் தேவை பல மடங்கு ஏறும்னு தெரியும். சர்வர் ஏறும், டேட்டா சென்டர் ரெண்டாகும், ஆனா ஆளுங்க எண்ணிக்கை மட்டும் ஏறாதுன்னு மேல தெளிவா சொல்லிட்டாங்க. இந்த ஒரு கட்டுப்பாட மனசுல வெச்சுக்கோங்க, பின்னால வர்ற எல்லா முடிவும் இதுலேர்ந்து தான் வருது.

அதுக்கு முன்னாடி வரைக்கும் செர்ன் தன்னோட டூல தானே செஞ்சுக்குற இடம். கான்ஃபிகரேஷனுக்கு குவாட்டர், மானிட்டரிங்குக்கு லெமன், ரெண்டுமே அங்க வளந்த சாமான். ஒரு காலத்துல இவ்ளோ பெரிய சர்வர் கூட்டத்த வெச்சிருந்தது அவங்க மட்டும் தான், வேற வழி இல்ல. ஆனா 2011, 2012 வாக்குல கூகுளும் பேஸ்புக்கும் இவங்கள விட எங்கயோ போயாச்சு. அப்ப தான் ‘நம்ம ஒண்ணும் ஸ்பெஷல் இல்ல’ன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு, குவாட்டர தூக்கிட்டு பப்பெட், கிளவுட நிர்வகிக்க ஓப்பன்ஸ்டாக்ங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்னு மாறுனாங்க. நோபல் பரிசு ஆளுங்க சுத்தி இருக்குற ஒரு இடம், கம்ப்யூட் விசயத்துல நாங்க ஸ்பெஷல் இல்லன்னு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. நம்மூர்ல இருபது சர்வர் வெச்சிருக்குற கம்பெனி கூட எங்க வொர்க்லோட் வேற மாதிரி சார்னு தான் மீட்டிங்க ஆரம்பிக்கும்.

அந்த நேரத்துல வர்ச்சுவலைசேஷன் அங்க புதுசு இல்ல. சின்னச் சின்ன சர்வீஸ்களுக்கு ஒரு செல்ஃப்-சர்வீஸ் விஎம் சிஸ்டம் ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு, அது முழுக்க மைக்ரோசாஃப்ட், ஹைப்பர்-வியும் சிஸ்டம் சென்டர் வர்ச்சுவல் மெஷின் மேனேஜரும். விண்டோஸ் விஎம் மட்டுமில்ல, லினக்ஸ் விஎம்மும் அதுல தான் நிறைய ஓடுச்சு. அது ஒழுங்காவும் ஓடுச்சு. தனியா இன்னொரு பக்கம் பேட்ச் ஃபார்முக்காக, அதாவது இயற்பியல் கணக்கு ஜாப்கள வரிசையா ஓட்டுற சர்வர் கூட்டத்துக்காக, ஓப்பன்நெபுலாங்கற இன்னொரு கிளவுட் சாஃப்ட்வேர வெச்சு பெரிய அளவுல டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க. ஆக, கையில அனுபவம் இருந்தது ஹைப்பர்-வில, போக வேண்டிய இடம் ஓப்பன்ஸ்டாக்.

அன்னிக்கு சந்தைல இருந்தத கொஞ்சம் பாப்போம். விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ எல்லாத்துலயும் முதிர்ந்தது, ஆனா ஆயிரக்கணக்கான சர்வருக்கு சாக்கெட் கணக்குல லைசென்ஸ் போட்டா அந்தக் காசுக்கு இன்னும் எத்தனையோ ரேக் வாங்கிடலாம், அதுவும் பேட்ச் ஜாப் ஓட்டுறதுக்கு விஎம்வேரோட ஹை அவைலபிலிட்டி எல்லாம் எதுக்கு, ஒரு ஜாப் செத்தா திரும்ப ஓட்டிக்கலாம். ஜென்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஹைப்பர்வைசர் கேம்பிரிட்ஜ்ல பொறந்தது, 2003ல பேப்பர் வந்துச்சு, 2007ல சிட்ரிக்ஸ் வாங்குனாங்க, அமேசான் 2006ல ஈசி2ங்கற கிளவுட் சர்வீஸ தொடங்குனதே ஜென் மேல தான், ராக்ஸ்பேஸும் அதுல தான். டெக்னிக்கலா குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா செர்ன் ஓட்டுறது சயின்டிஃபிக் லினக்ஸ், அதாவது ரெட் ஹேட்டோட சோர்ஸ்லேர்ந்து கட்டுறது. ரெட் ஹேட் 2008ல கும்ரனெட்ட 107 மில்லியன் டாலருக்கு வாங்குனாங்க, கேவிஎம் பொறந்த கம்பெனி அது தான். 2009ல வெர்ஷன் 5.4ல கேவிஎம் உள்ள வந்துச்சு, 2010ல வெர்ஷன் 6ல ஜென் ஹோஸ்ட்ட தூக்கியே போட்டாங்க. அப்ப ரெட் ஹேட் வழில இருக்குற ஒருத்தர் ஜென்ன எடுத்தா, ஹோஸ்ட் கெர்னல தானே பாத்துக்கணும். ஆள் ஏத்தக்கூடாதுன்னு சொன்ன இடத்துல அது நடக்காது. கேவிஎம்மோ 2007 பிப்ரவரில வந்த 2.6.20லேர்ந்து கெர்னலுக்குள்ளயே இருக்கு, யம் அப்டேட்னு ஒரு லினக்ஸ் கமாண்ட் அடிச்சா ஹைப்பர்வைசரும் சேர்ந்து அப்டேட் ஆகிடும்.

அதனால லினக்ஸ் பக்கம் கேவிஎம்னு முடிவு ஆனது பெரிய விவாதம் இல்லாம நடந்திருக்கும்னு தான் நான் நினைக்கிறேன். கேள்வி ஹைப்பர்-வி பத்தி தான். ஏற்கனவே ஓடிட்டு இருக்குற விண்டோஸ் விஎம்கள என்ன பண்றது, அத ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்கள என்ன பண்றது. அவங்க எடுத்த முடிவு ரெண்டையும் வெச்சுக்கலாம், ஓப்பன்ஸ்டாக் மேல இருந்து ரெண்டையும் ஒரே மாதிரி ஆட்டட்டும். பேப்பர்ல பாத்தா இது தான் ஓப்பன்ஸ்டாக்கோட அழகே, விஎம்ம உருவாக்குற அதோட பகுதியான நோவாக்கு கீழ எந்த ஹைப்பர்வைசர் வேணா இருக்கலாம், டிரைவர் தான் மாறும்.

அந்த டிரைவர்ல தான் முதல் சிக்கல் வந்துச்சு. 2012 ஏப்ரல்ல ஓப்பன்ஸ்டாக்கோட எசெக்ஸ் ரிலீஸ் வர்றதுக்கு முன்னாடி, பாத்துக்க ஆள் இல்லன்னு சொல்லி நோவாலேர்ந்து ஹைப்பர்-வி டிரைவர எடுத்துட்டாங்க. மைக்ரோசாஃப்ட்டும் கிளவுட்பேஸ்ங்கற கம்பெனியும் உக்காந்து திரும்ப எழுதி அதே வருசம் ஃபால்சம் ரிலீஸ்ல உள்ள கொண்டுவந்தாங்க, செர்ன்னும் அந்த வேலைல கூட நின்னுச்சு. இத ஒரு வெற்றிக் கதையா தான் அப்ப சொன்னாங்க, ஆனா நான் இத ஒரு எச்சரிக்கையா தான் படிக்கிறேன். உலகத்துலயே பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியோட ஹைப்பர்வைசருக்கு, ஓப்பன்ஸ்டாக்குள்ள டிரைவர் எழுத இருந்தது கைவிரல் விட்டு எண்ணுற அளவு ஆளுங்க. கேவிஎம் பக்கம் அப்டி இல்ல, நோவாவோட ஒவ்வொரு கோட் மாற்றமும், கேவிஎம்மோட சேர்ந்து வேலை செய்யுற லிப்விர்ட்டும் கியூஎம்யூவும் இருக்குற மெஷின்ல டெஸ்ட் ஓடி பாஸ் ஆனா தான் உள்ளயே போகும்.

2013 ஜூலைல கிரிஸ்லி ரிலீஸ வெச்சு புரொடக்ஷன் போனாங்க. ரெண்டு டேட்டா சென்டர், நோவா செல்ஸ்ங்கற வசதிய வெச்சு ஹோஸ்ட்கள குழு குழுவா பிரிச்சு, ஹைப்பர்-வி ஹோஸ்ட் எல்லாம் தனி செல்லுல. அங்கேர்ந்து 2015 வாக்குல 1 லட்சம் கோர தாண்டுனாங்க, 2019 வாக்குல 3 லட்சம் கோர் பக்கம் போயாச்சு. யூசர் பாக்குற இடத்துல எல்லாம் ஒண்ணு தான், போர்ட்டல்ல கிளிக் பண்ணா விஎம் வரும்.

ஆனா ரெண்டு ஹைப்பர்வைசர்னா உள்ள எல்லாமே ரெண்டுங்க. இமேஜ் ரெண்டு விதம், ஒண்ணு விஎச்டி, இன்னொண்ணு க்யூகவ்2. சாஃப்ட்வேர் அப்டேட் வர்றது ரெண்டு கடைலேர்ந்து, ஒண்ணு யம்ல வரும், இன்னொண்ணு மாசா மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை வரும். மானிட்டரிங் ஏஜென்ட் ரெண்டு, நைட்ல போன் எடுக்குற ஆளுக்கு ரெண்டு ஓஎஸ்ஸும் தெரிஞ்சிருக்கணும். ஓப்பன்ஸ்டாக் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ புது ரிலீஸ் விடும், ஒவ்வொரு அப்கிரேடயும் ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணணும். கேவிஎம்ல ஒரு ஃபீச்சர் வந்தா ஹைப்பர்-வி டிரைவர்ல அது எப்ப வரும்னு காத்துட்டு இருக்கணும், வராமயும் போகலாம்.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஸ்டோரேஜ். செர்ன் 2013ல 3 பெட்டாபைட்ல செஃப்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஸ்டோரேஜ் கிளஸ்டர் கட்டி, அத தான் ஓப்பன்ஸ்டாக்ல விஎம்முக்கு டிஸ்க் கொடுக்குற சிண்டருக்கு பின்னால வெச்சாங்க. கேவிஎம்ல இது சொல்லி வெச்ச மாதிரி சேரும், ஏன்னா கியூஎம்யூ புராசஸ்குள்ளயே செஃப்போட பேசுற லிப்ஆர்பிடி இருக்கு, விஎம்மோட டிஸ்க் ரிக்வெஸ்ட் நேரா செஃப்ல டிஸ்க்க பாத்துக்குற ஓஎஸ்டிக்குப் போகும், நடுவுல ஃபைபர் சேனலும் இல்ல ஐஸ்கஸியும் இல்ல. விண்டோஸ்ல அன்னிக்கு அதுக்கு டிரைவரே கிடையாது. விண்டோஸுக்கு ஆர்பிடி டிரைவர் ஒழுங்கா வந்தது 2021ல செஃப்போட பசிஃபிக் ரிலீஸ்ல தான். ஆக ஹைப்பர்-வி ஹோஸ்ட்டுக்கு வால்யூம் வேணும்னா வேற ஸ்டோரேஜ் வழி பாக்கணும், அதுக்கு ஒரு தனி பட்ஜெட், தனி ஆளு. ஹைப்பர்வைசர செலக்ட் பண்றோம்னு நினைச்சு உக்காருவோம், உண்மைல அது ஸ்டோரேஜ், நெட்வொர்க், பேக்கப் எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டு வரும். கம்பேரிசன் டேபிள்ல இந்தக் கயிறு எங்கயும் தெரியாது.

இப்ப பெஞ்ச்மார்க் கதைக்கு வருவோம், இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

2015ல பேட்ச் ஃபார்ம முழுசா விஎம்முக்கு மாத்திட்டு இருக்கும்போது இயற்பியல் ஆளுங்க பக்கத்துலேர்ந்து புகார், ஜாப் எல்லாம் மெதுவா ஓடுது. இவங்க எச்எஸ்06 ஓட்டிப் பாத்தாங்க, அது ஸ்பெக் சிபியூ2006லேர்ந்து சி++ புரோகிராம்கள மட்டும் எடுத்து ஹை எனர்ஜி இயற்பியல் உலகம் தனக்குன்னு வெச்சிருக்குற அளவுகோல். ஒரு ஹோஸ்ட்ல சின்னச் சின்ன விஎம்மா நாலு போட்டா, விஎம் இல்லாம நேரா ஓட்டுறத விட இழப்பு 8 சதவீதம் பக்கம். அதே ஹோஸ்ட்ட முழுசா ஒரே 32 கோர் விஎம்மா கொடுத்தா ஏறக்குறைய 20 சதவீதம் காணோம். அஞ்சு சர்வர் வாங்குனா ஒண்ணு வர்ச்சுவலைசேஷனுக்கே போகுதுன்னு அர்த்தம். பெரிய விஎம் தான் இவங்களுக்கு வேணும், ஏன்னா விஎம் எண்ணிக்கை கொறஞ்சா ஷெட்யூலருக்கும் லேசு. இதே டெஸ்ட்ட ஹைப்பர்-வில ஓட்டுனா இழப்பு ரொம்பக் கம்மியா இருந்துச்சு. கேவிஎம் தெளிவா பின்னால. இந்த இடத்துல நம்ம எக்செல் ஷீட் ஆளு இருந்திருந்தா முடிவு அன்னிக்கே எழுதிருப்பாரு.

அவங்க அப்டி பண்ணல, ஹைப்பர்-வி ஏன் வேகமா இருக்குன்னு கேட்டாங்க. பதில் நூமா. ரெண்டு சாக்கெட் சர்வர்ல ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி மெமரி, அடுத்த சாக்கெட் மெமரிய தொட்டா நேரம் ஜாஸ்தி. ரெண்டு சமையல்கட்டு, ரெண்டு ஸ்டோர் ரூம் இருக்குற கல்யாண மண்டபம்னு வெச்சுக்கோங்க, மாஸ்டர் இந்தப் பக்கம் வதக்கிட்டு இருக்காரு, வெங்காயம் அந்தப் பக்கத்து ஸ்டோர்ல இருக்கு. ஹைப்பர்-வி விஎம்முக்குள்ளயே இந்த ரெண்டு பக்கமும் இருக்குன்னு தானாவே சொல்லிடும், அதனால விஎம்முக்குள்ள ஓடுற கெஸ்ட் கெர்னல் புராசஸையும் அதோட மெமரியையும் ஒரே பக்கம் வெச்சுக்கும். கேவிஎம்மால முடியாதுன்னு இல்ல, ஆனா நம்ம சொன்னா தான் சொல்லும். சொல்லலன்னா விஎம்முக்கு 32 கோரும் ஒரே தட்டையான மெஷினா தெரியும், கெஸ்ட் கெர்னல் எத எங்க வைக்கறதுன்னு தெரியாம வைக்கும். நோவால இத ஃப்ளேவர்ல, அதாவது விஎம்மோட அளவு டெம்ப்ளேட்ல, பிராப்பர்ட்டியா சொல்ற வசதி 2014 அக்டோபர்ல ஜூனோல தான் வந்துச்சு, சரியான நேரம். ஃப்ளேவர்ல நூமா நோட் ரெண்டுன்னு போட்டதும் இழப்புல பெரும்பகுதி போயிடுச்சு.

அதோட நிக்கல. அடுத்து ஈபிடி, இன்டெல் சிபியூல விஎம்மோட மெமரி அட்ரஸ ஹார்ட்வேரே ரெண்டு அடுக்கா மாத்திக் கொடுக்குற வசதி. மாத்துன அட்ரஸ ஞாபகம் வெச்சுக்குற சிபியூ கேஷான டிஎல்பில அட்ரஸ் இல்லன்னா நாலு லெவல் டேபிள் உள்ள நாலு லெவல் டேபிள்னு மோசமான நிலைமைல 24 தடவ மெமரிய தொடணும். இத ஆஃப் பண்ணிப் பாத்தா எச்எஸ்06 ஸ்கோர் ஏறுது! ஆஃப் பண்ணா கேவிஎம் ஷேடோ பேஜ் டேபிள தானே சாஃப்ட்வேர்ல பாத்துக்கும், சும்மா கணக்கு மட்டும் போட்டுட்டு இருக்குற பெஞ்ச்மார்க்குக்கு அது லாபம். சரின்னு ஃபார்ம்ல போட்டாங்க. ஆனா நெஜ ஜாப் அப்டி சமத்தா இருக்காது, ஃபோர்க் பண்ணும், ஃபைல மேப் பண்ணும், மெமரிய எடுக்கும் விடும், ஒவ்வொண்ணுக்கும் பேஜ் டேபிள் மாறும், மாறும்போதெல்லாம் விஎம்மிலேர்ந்து ஹோஸ்ட்டுக்கு ஏறி இறங்கணும். சில ஜாப்ல சிஸ்டம் டைம் தாறுமாறா ஏறிப்போய், திரும்ப ஈபிடிய ஆன் பண்ணி, அதுக்குப் பதிலா ஹோஸ்ட்ல 2 மெகாபைட் ஹியூஜ் பேஜ் கொடுத்தாங்க. 4 கிலோபைட் பேஜ் 512 சேர்ந்தா ஒரு 2 மெகாபைட், டிஎல்பி மிஸ் தானா கொறஞ்சுடும். பெஞ்ச்மார்க்க நம்பி போனா எங்க போய் நிக்கும்னு காட்ட இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, அதுவும் அளக்கறதயே தொழிலா வெச்சிருக்குற ஒரு இடத்துல நடந்தது.

மூணாவது கேஎஸ்எம். ஒரே மாதிரி இருக்குற மெமரி பேஜ்கள தேடிப்பிடிச்சு ஒண்ணாக்குற கெர்னல் வேலை. ஒரே இமேஜ்லேர்ந்து வந்த சின்ன விஎம் நிறைய இருக்குற ஹோஸ்ட்டுக்கு வரப்பிரசாதம், பேட்ச் ஹோஸ்ட்டுக்கு தண்டம். அதுலயும் ஃப்ரீ மெமரி கொறைஞ்சா தான் அது கிளம்பும், பேட்ச் ஹோஸ்ட்ல மெமரி எப்பவுமே விளிம்பு வரைக்கும் கொடுத்திருப்பாங்க. ரெண்டு நூமா நோட்ல இருக்குற பேஜ்கள ஒண்ணாக்கிட்டா ஒரு பக்கத்து ஆளுக்கு அது தூரத்து மெமரி ஆகிடும். நூமாவ சரி பண்ணி வெச்சத இது பின்னாலயே வந்து கெடுக்கும். ஆஃப் பண்ணாங்க. இதெல்லாம் முடிஞ்சப்ப இழப்பு 3லேர்ந்து 5 சதவீதம் பக்கம் வந்து நின்னுச்சு.

கவனிச்சீங்கன்னா இந்த மூணுமே கேவிஎம்மோட குறை இல்ல, டீஃபால்ட் செட்டிங். ஹைப்பர்-வி டீஃபால்ட் நல்லா இருந்துச்சு, கேவிஎம் டீஃபால்ட் ஒரு பொதுவான சர்வருக்கு வெச்சது. ஆனா கேவிஎம்ல ஒவ்வொரு திருகையும் தொட முடிஞ்சுது, ஏன் அப்டி நடக்குதுன்னு கெர்னல் சோர்ஸ்ல போய் பாக்க முடிஞ்சுது, பர்ஃப் போட்டு எங்க நேரம் போகுதுன்னு அதே லினக்ஸ் டூல்லயே பாக்க முடிஞ்சுது. ஹைப்பர்-வில இதே மாதிரி ஏதாவது மெதுவா ஓடிருந்தா சப்போர்ட் டிக்கெட் போட்டுட்டு காத்திருக்கணும். செர்ன் கேவிஎம்ம மட்டும் வெச்சுக்கிட்டு ஹைப்பர்-விய விட்டதுக்கு என் கண்ணுல முக்கிய காரணம் இது தான், ஆள் ஏத்தாம ஓட்டணும்னா இருக்குற எல்லாரும் ஒரே சாமான ஆழமா தெரிஞ்சு வெச்சிருக்கணும். ரெண்டு டீமா பிரிஞ்சு ஆளுக்குப் பாதி தெரிஞ்சு வெச்சிருந்தா இந்த நூமா வேலையே நடந்திருக்காது. ஹைப்பர்-விக்கு லைசென்ஸ் காசு ஒரு காரணம்னு பல பேரு சொல்லுவாங்க, இருக்கலாம், ஆனா அது ரெண்டாவது தான்.

அப்புறம் வந்த வருசங்கள்ல ஹைப்பர்-வி மேல இருந்த விஎம்கள கேவிஎம்முக்கு மாத்துனாங்க. எங்க செஞ்சாலும் இந்த வேலைல டிஸ்க்க விஎச்டிலேர்ந்து மாத்துறது சுலபம், கியூஎம்யூ-இமேஜ் ஒரு கமாண்ட். லினக்ஸ் கெஸ்ட்ல கேவிஎம்மோட டிஸ்க், நெட்வொர்க் டிரைவரான விர்ட்ஐஓ மாட்யூல், பூட் ஆரம்பத்துல லோட் ஆகுற இனிட்ராம்எஃப்எஸ்ல இருக்கணும், அவ்ளோ தான். விண்டோஸ் தான் அழ வைக்கும், விர்ட்ஐஓ ஸ்டோரேஜ் டிரைவர முன்னாடியே போட்டு வெக்காம மாத்துனா பூட் ஆகும்போதே நீலத் திரை.

செக்யூரிட்டி பக்கமும் ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா கேவிஎம் ஏதோ சுத்தமான புள்ளன்னு சொல்ற மாதிரி ஆகிடக்கூடாது. 2015 மே மாசம் வெனம்னு ஒண்ணு வந்துச்சு, கியூஎம்யூல யாருமே தொடாத ஃப்ளாப்பி கன்ட்ரோலர் கோட்ல ஓட்டை, விஎம்லேர்ந்து ஹோஸ்ட்டுக்கு தப்பிக்கலாம். கேவிஎம், ஜென் ரெண்டுக்கும் அடி, விஎம்வேரும் ஹைப்பர்-வியும் தப்பிச்சுது. அதுக்கு முந்தின வருசம் ஜென்ல வந்த ஒரு ஓட்டைக்கு அமேசானும் ராக்ஸ்பேஸும் ஹோஸ்ட்கள ரீபூட் பண்ண வேண்டி வந்துச்சு. 2018 ஜனவரில மெல்ட்டவுன், ஸ்பெக்டர்னு சிபியூலயே ஓட்டை, அதுல யாருமே தப்பிக்கல. செர்ன் அவைலபிலிட்டி சோன்ங்கற தனித்தனி சர்வர் குழுக்கள ஒண்ணு ஒண்ணா எடுத்து முழு கிளவுடையும் ரீபூட் பண்ணாங்க. யூசருக்கு முன்னாடியே சொல்லிட்டு, உங்க சர்வீஸ ரெண்டு சோன்ல வெச்சிருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு. அந்த வேலைய ரெண்டு ஹைப்பர்வைசருக்கு ரெண்டு விதமா பண்றத நினைச்சுப் பாருங்க.

லைசென்ஸ் விசயத்துல நடந்தது தான் கொடுமை. 2019 ஜூன்ல செர்ன் வெளிய சொன்னாங்க, மைக்ரோசாஃப்ட் இனிமே உங்கள கல்வி நிறுவனம்னு எடுத்துக்க மாட்டோம், யூசர் கணக்குல கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க, செலவு 10 மடங்குக்கு மேல ஏறுது. அதுக்கு முன்னாடி வருசமே மால்ட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, மெயில் முதல் போன் வரைக்கும் மாத்து வழி தேட ஆரம்பிச்சிருந்தாங்க. ஹைப்பர்-விய விட்டது இதுக்காக இல்ல, அந்த முடிவு முன்னாடியே போயிட்டு இருந்துச்சு. ஆனா கிளவுடோட அடித்தளமும் அதே பில்லுல மாட்டியிருந்தா பேரம் பேச என்ன மிச்சம் இருந்திருக்கும்? ஃப்ரீயா கிடைச்ச ஹைப்பர்-வி சர்வர்ங்கற தனி எடிஷனையும் 2019 வெர்ஷனோட நிறுத்திட்டாங்க. விஎம்வேர் ஆளுங்களுக்கு இதே தான் அப்புறம் நடந்துச்சு, ஃப்ரீ ஈஎஸ்எக்ஸ்ஐய 2024 பிப்ரவரில எடுத்தாங்க, 2025 ஏப்ரல்ல திரும்ப விட்டாங்க. திரும்ப விட்டத பாத்து சந்தோசப்பட்டவங்கள எனக்குப் புரியல, எடுக்கவும் கொடுக்கவும் முடியற கை ஒண்ணு தான.

ஓப்பன்ஸ்டாக் பக்கம் என்ன ஆச்சுன்னா, 2012ல ஒரு தடவ எடுத்துட்டு திரும்ப வெச்ச அந்த ஹைப்பர்-வி டிரைவர், பாத்துக்க ஆள் இல்லாம 2024ல கேரகல் ரிலீஸ்ல நோவாவ விட்டே போயிடுச்சு. பன்னெண்டு வருசம் முன்னாடி சொன்ன அதே காரணம். செர்ன் அன்னிக்கு பெஞ்ச்மார்க்க மட்டும் பாத்து பேட்ச் ஃபார்ம ஹைப்பர்-வி மேல கட்டிருந்தா, இன்னிக்கு அந்த டிரைவர இவங்களே தூக்கி சுமக்கணும், இல்ல லட்சக்கணக்கான கோர ஓட ஓட மாத்தணும்.

செர்ன்ல இதுக்கப்புறம் இன்னொரு திருப்பம், பேட்ச் சர்வர்கள்ல பெரும்பகுதிய விஎம்மே வேணாம்னு ஓப்பன்ஸ்டாக்கோட ஐரோனிக் வழியா பேர் மெட்டலா, அதாவது முழு சர்வராவே, கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மிச்சம் இருந்த அந்த சில சதவீத இழப்பும் இல்லாம போச்சு. அப்ப நூமா, ஈபிடின்னு மண்டைய ஒடச்சதெல்லாம் வீணான்னு கேக்கலாம். இல்ல, ஏன்னா பேர் மெட்டலும் அதே ஓப்பன்ஸ்டாக் ஏபிஐ, அதே கோட்டா, அதே ஃப்ளேவர் முறைல தான் வருது. அந்த மேடை அங்க இருந்ததால தான் அடில இருக்குறத கழட்ட முடிஞ்சுது. மத்த சர்வீஸ் விஎம் எல்லாம் கேவிஎம் மேல தான் தொடர்ந்து ஓடுது.

சரி, இப்ப விஎம்வேர விட்டு கிளம்பற நம்ம ஆளுங்களுக்கு இதுல என்ன இருக்கு. நீங்க செர்ன் இல்ல, பத்து ஹோஸ்ட்டுக்கு ஓப்பன்ஸ்டாக் போடாதீங்க, அத ஓட்டவே ரெண்டு ஆள் வேணும். வியன்னாலேர்ந்து வர்ற பிராக்ஸ்மாக்ஸ் கேவிஎம் தான், நியூட்டானிக்ஸோட ஏஎச்வியும் உள்ள கேவிஎம் தான், குபர்நெட்டிஸ் பக்கம் குப்விர்ட்டும் கேவிஎம் தான், அமேசானே 2017ல சி5லேர்ந்து நைட்ரோன்னு கேவிஎம் பக்கம் வந்துட்டாங்க. ஜென் வேணும்னா எக்ஸ்சிபி-என்ஜி இருக்கு, நல்லா பராமரிக்கறாங்க, விஎம்வேரோட விசென்டர் மாதிரி ஸ்கிரீன் பழகினவங்களுக்கு அது சட்டுனு பிடிபடும். உங்க டீம்ல லினக்ஸ் ஆளே இல்ல, எல்லாரும் விண்டோஸ் அட்மின், விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸ் ஏற்கனவே கட்டியாச்சுன்னா ஹைப்பர்-வி தப்பே இல்ல, செர்ன் சொன்னாங்கன்னு போய் தெரியாத கெர்னல்ல மாட்டிக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹோஸ்ட் தொங்குனா யாரு பாப்பாங்க, அந்த ஆளுக்கு எது தெரியும்ங்கறத முதல்ல எழுதுங்க, ஃபீச்சர் டேபிள் அதுக்கப்புறம்.

கேவிஎம் பக்கம் வந்தா மட்டும் ஒண்ணு. விஎம்வேர்ல 8 விசிபியூக்கு (வர்ச்சுவல் கோர்) மேல போனா, விஎம்முக்கு நூமாவ காட்டுற விநூமா தானா ஆன் ஆகிடும், அது இருக்குறதே பல பேருக்குத் தெரியாது. பிராக்ஸ்மாக்ஸ்ல சிபியூ செட்டிங்குள்ள நூமாங்கற டிக் பாக்ஸ் டீஃபால்ட்டா ஆஃப், சாக்கெட் எண்ணிக்கையும் நம்ம தான் ஹோஸ்ட்டுக்கு ஏத்த மாதிரி போடணும். மெமரி நெருக்கடி வந்தா கேஎஸ்எம்மும் தானா கிளம்பும். பெரிய டேட்டாபேஸ் விஎம்ம மாத்திட்டு கேவிஎம் ஸ்லோன்னு புலம்பற பதிவுகள்ல பாதிக்கு மேல இந்த ரெண்டையும் யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு தான் என் சந்தேகம். அந்த டிக்க போட்டு, விஎம்முக்குள்ள எல்எஸ்சிபியூ கமாண்ட் அடிச்சு நூமா நோட் ரெண்டுன்னு காட்டுதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் உங்க சொந்த ஜாப ஓட்டி அளங்க, டவுன்லோட் பண்ண பெஞ்ச்மார்க்க இல்ல.